திரையில் இருந்த எண்ணின் வயது: ஜாங்கோவில் அமைத்த ஒரு நிகழ்நேர டாஷ்போர்டு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சரக்குக் கிடங்கின் ஆர்டர் மேலாண்மைச் செயலி, பைத்தான் மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதப்பட்டிருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வேண்டுகோள்களை முன்னால் நின்று வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன் என்ற வழக்கமான அமைப்பு. பேக்கிங் கூடத்தின் சுவர்களில் பெரிய திரைகள் இருந்தன. ஒவ்வொரு வரிசைக்கும் நிலுவையில் எத்தனை, பேக் ஆனவை எத்தனை, தாமதமானவை எத்தனை என்று அவை காட்டின. கூடத்தின் மேற்பார்வையாளர்கள் அந்த எண்களைப் பார்த்துத்தான் ஒரு வரிசையிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை மாற்றினார்கள். வேடிக்கை பார்க்க வைத்த திரைகள் அல்ல என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பழைய பக்கம் பத்து விநாடிக்கு ஒருமுறை தன்னை முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு திரையும், அலுவலகக் கணினிகளில் திறந்து கிடக்கும் ஒவ்வொரு டேபும் தனித்தனியாக அதே எண்ணிக்கை வினவலைத் தரவுத்தளத்திடம் கேட்டன. வேலை உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில் பக்கம் திணறியது. நிர்வாகம் கேட்டது ஒரே வரி: எண்கள் உடனுக்குடன் மாற வேண்டும்.

எவ்வளவு பழைய எண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம் என்ற கேள்வியை அப்போது யாரும் எழுப்பவில்லை. பின்னால் நடந்த பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

வழியைத் தேர்ந்தெடுத்தது

மூன்று வழிகள் பேசப்பட்டன. பக்கத்தை முழுதாகப் புதுப்பிக்காமல் எண்களை மட்டும் ஜேசன் என்ற எளிய தரவு வடிவில் அடிக்கடி கேட்டு வாங்கும் போலிங் ஒன்று. சர்வர் ஒருவழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும் சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் இரண்டாவது. இருவழி இணைப்பான வெப்சாக்கெட் மூன்றாவது.

போலிங் பழைய நோயையே வேறு பெயரில் தொடரும் என்று ஒதுக்கினார்கள். சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் மீது வந்த எதிர்ப்பில் பாதி நியாயம் இருந்தது. எச்டிடிபி 1.1 இணைப்பில் ஒரே முகவரிக்கு ஒரே சமயத்தில் ஆறு இணைப்புகளுக்கு மேல் பிரவுசர்கள் திறப்பதில்லை. டாஷ்போர்டை ஏழெட்டு டேபுகளில் திறந்து வைக்கும் அலுவலகப் பழக்கத்துக்கு அது தடையாகும். எச்டிடிபி 2 இருந்தால் இந்தத் தடை விலகிவிடும். உள் பிணையத்தில் முன்னால் நின்ற சுமைப் பகிர்வானில் அது இயக்கப்படவில்லை, அதை மாற்றும் அதிகாரமும் இந்தக் குழுவிடம் இல்லை. தேர்வு வெப்சாக்கெட்டில் வந்து நின்றது. குழுவில் இருவருக்கு அதில் முன் அனுபவம் இருந்ததும் ஒரு காரணம். கூட்டக் குறிப்பில் அது எழுதப்படவில்லை, ஆனால் அதன் எடை குறைவானதல்ல.

ஜாங்கோ 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்தே ஏஎஸ்ஜிஐ முறையில் (நீண்டநேரம் திறந்திருக்கும் இணைப்புகளையும் கையாள உதவும் சர்வர் இடைமுகம்) ஓடக்கூடியது. வெப்சாக்கெட்டைக் கையாள மட்டும் சேனல்ஸ் என்ற தனித் தொகுப்பு தேவை. முழுச் செயலியையும் ஏஎஸ்ஜிஐக்கு மாற்றாமல், வெப்சாக்கெட் பாதையை மட்டும் ஏஎஸ்ஜிஐ சர்வரான டாஃப்னிக்குத் திருப்பிவிட்டு, மற்றதைப் பழையபடி குனிகார்னிலேயே விட்டார்கள். நல்ல முடிவு. பின்னால் டாஷ்போர்டில் எத்தனை கோளாறு வந்தபோதும் ஆர்டர் எடுக்கும் பக்கங்கள் ஒருமுறைகூடப் பாதிக்கப்படவில்லை.

முதல் வடிவம்

ஒவ்வொரு வரிசைக்கும் சேனல்ஸில் ஒரு குழுமம். திரை இணைந்ததும் தன் வரிசையின் குழுமத்தில் சேரும். தொடக்க எண்களை ஒருமுறை தரவுத்தளத்திலிருந்து வாங்கிக்கொள்ளும். பிறகு ஆர்டர் மாடல் சேமிக்கப்படும் ஒவ்வொரு முறையும் போஸ்ட் சேவ் சிக்னல் எழுந்து, நிலுவையில் ஒன்று கழி, பேக் ஆனதில் ஒன்று கூட்டு என்பதுபோல ஒரு சிறு செய்தியை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுக் கிடங்கு வழியாகக் குழுமத்துக்கு அனுப்பும். கூட்டிக் கழிக்கும் வேலை பிரவுசரில்.

சோதனைக் காட்சியில் இது மிக அழகாக இருந்தது. ஒருவர் கைபேசியில் ஒரு பெட்டியை ஸ்கேன் செய்ததும் சுவரில் எண் துள்ளியது. எல்லோருக்கும் திருப்தி.

என்ஜின்எக்ஸ் பற்றி முன்கூட்டியே கவலைப்பட்டதையும் சொல்ல வேண்டும். அப்கிரேட், கனெக்ஷன் ஆகிய இரு தலைப்புகளையும் அது தானாகப் பின்னால் கடத்தாது. வெளிப்படையாக எழுதினால்தான் வெப்சாக்கெட் திறக்கும். 60 விநாடி எந்தத் தரவும் வராவிட்டால் இணைப்பை வெட்டிவிடும் இயல்பு அமைப்பும் அதில் உண்டு. ஆனால் டாஃப்னி இயல்பாகவே 20 விநாடிக்கு ஒரு பிங் (உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்புவதால் அந்த வெட்டு நேரவில்லை. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதை அமைப்பே பார்த்துக்கொள்கிறது என்று குழு நிம்மதியடைந்தது. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருந்தது.

கவனித்தவை

முதலில் வந்த புகார் சிறியது. காலையில் சரியாக இருக்கும் எண்கள் மாலைக்குள் தடம் மாறின. பக்கத்தைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். எதிரெதிர்ச் சுவர்களில் இருந்த இரு திரைகள் ஒரே வரிசைக்கு வெவ்வேறு எண்ணைக் காட்டிய படம் ஒன்று குழுவுக்கு வந்தபோதுதான் இது பிரவுசர் கேஷ் தொல்லை இல்லை என்பது தெளிவானது.

குழு ஒரு எளிய ஒப்பீட்டை வைத்தது. திரை தான் காட்டும் எண்ணைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தனி வேண்டுகோளாக சர்வருக்குத் திருப்பி அனுப்பும். சர்வர் அதைத் தரவுத்தளத்தின் உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பதிவில் எழுதும். இந்த ஒரு பதிவு மற்ற எல்லா ஊகங்களையும் விட அதிகம் சொன்னது. வித்தியாசம் நாள் முழுக்கச் சீராக வளரவில்லை. சில நேரங்களில் மட்டும் குபீரென்று எகிறியது. அந்த நேரங்கள் வெளி விற்பனைத் தளங்களிலிருந்து ஆர்டர்களை மொத்தமாக இறக்கும் பின்னணி வேலையோடு பொருந்தின.

அந்த வேலை மொத்தச் சேர்ப்பையும் மொத்தப் புதுப்பிப்பையும் பயன்படுத்தியது. ஜாங்கோவில் பல்க் கிரியேட்டோ, குவெரிசெட்டின் அப்டேட்டோ போஸ்ட் சேவ் சிக்னலை எழுப்புவதில்லை. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கும் செய்தி இது. ஆனால் டாஷ்போர்டை எழுதியவரும் இறக்குமதியை எழுதியவரும் வேறு வேறு ஆட்கள், இடையில் ஆண்டுகள்.

தேடத் தேட வேறு ஓட்டைகளும் தெரிந்தன. சிக்னல், பரிவர்த்தனை கமிட் ஆவதற்கு (தரவுத்தளத்தில் உறுதியாவதற்கு) முன்பே எழுகிறது. பரிவர்த்தனை பின்வாங்கப்பட்டால் ஆர்டர் இல்லை, ஆனால் கூட்டச் சொன்ன செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்கு ஆன் கமிட் என்ற மருந்து உண்டு, குழு அதைப் போட்டது. அடுத்தது செய்திகளைக் கடத்தும் ரெடிஸ் சேனல் அடுக்கு. ஒரு சேனலில் இயல்பாக 100 செய்திகள் வரைதான் காத்திருக்க முடியும். அதற்கு மேல் வருபவை குழும அனுப்புதலில் பிழை எதுவும் எழுப்பாமல் உதிர்க்கப்படும். அந்த அடுக்கு தரும் உறுதியே அதிகபட்சம் ஒருமுறை சேர்ப்பேன் என்பதுதான். சேராமலும் போகலாம். இது போதாதென்று, இணைப்பு அறுந்து மீண்டும் சேரும் இடைவெளியில் வந்த செய்திகள் எவருக்கும் கிடைப்பதில்லை.

இருப்பைச் சரிபார்க்காமல் வரவு செலவை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் கணக்குப் புத்தகம் போல, ஒரு செய்தி தவறினாலும் அந்தப் பிழை மறுநாள் பக்கத்தைப் புதுப்பிக்கும்வரை அப்படியே தங்கியது.

உறைந்த திரை

ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்தது நடந்தது. ஒரு வரிசையின் திரை தாமதமானவை மிகக் குறைவு என்று காட்டியது. மேற்பார்வையாளர் அங்கிருந்த ஆட்களில் சிலரை வேறு வரிசைக்கு மாற்றினார். உண்மையில் அந்த வரிசையில் தாமதம் ஏறிக்கொண்டே போயிருந்தது. அன்றைய வண்டி கிளம்பும் நேரத்தில் பேக் ஆகாத பெட்டிகள் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகே திரையை எவரோ புதுப்பித்தார்கள். எண் பல மடங்காகத் தாவியது.

திரை பல மணி நேரமாகவே உறைந்திருந்தது. இடையிலிருந்த ஃபயர்வால் மதியம் மறுதொடக்கம் செய்யப்பட்டிருந்தது. எழுந்ததும் தன் பழைய இணைப்புப் பட்டியல் அதற்கு நினைவில்லை. தனக்குத் தெரியாத இணைப்பின் பொட்டலங்களைச் சத்தமின்றிக் கீழே போட்டது. டாஃப்னி அனுப்பிய பிங்குக்குப் பதில் வராததால் சர்வர் தன் பக்கத்தில் இணைப்பை மூடிவிட்டது. மூடிய செய்தியும் பிரவுசரைச் சேரவில்லை. பிரவுசரின் கண்ணில் இணைப்பு திறந்தே இருந்தது. அது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் இணைப்பு. அதில் தானாக எதையும் அனுப்பாததால் மறுமுனை செத்தது அதற்குத் தெரிய வழியே இல்லை.

2011இல் ஆர்எஃப்சி 6455 ஆக வெளிவந்த வெப்சாக்கெட் தரத்திலேயே பிங், பாங் சட்டகங்கள் உண்டு. ஆனால் பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்டுக்கு அவை தெரிவதில்லை. பிங் வந்தால் பிரவுசரே பதில் சொல்லிவிடும். பிங் வருவது நின்றுபோனால் பக்கத்தின் நிரலுக்கு யாரும் சொல்வதில்லை. நிம்மதி தந்த அந்த 20 விநாடி பிங், திரை போய்விட்டதை சர்வருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு. சர்வர் போய்விட்டதைத் திரைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு எங்கும் இல்லை.

எண்கள் தடம் மாறியதைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பழைய பக்கத்தில் சர்வர் விழுந்தால் பிரவுசரின் பிழைப் பக்கம் வரும், எல்லோருக்கும் தெரியும். புதிய பக்கம் செத்த பிறகும் உயிரோடு இருப்பதுபோலவே நின்றது.

எடுத்த முடிவுகள்

கூட்டல் கழித்தல் செய்திகளைக் கைவிடுவது என்பது முதல் முடிவு. ஓட்டைகளை அடைத்துக்கொண்டே போகலாம் என்ற தரப்பும் இருந்தது. பெரும்பாலானவை ஏற்கெனவே அடைபட்டுவிட்டன என்பது அவர்கள் வாதம். எதிர்த் தரப்பு கேட்டது: அடுத்து ஒருவர் நேரடியாகத் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதி நிலையை மாற்றினால்? அதற்குப் பதில் இல்லை.

புதிய வடிவத்தில் ஒரே ஒரு பின்னணிச் செயல்முறை எல்லா வரிசைகளுக்குமான எண்களைக் கணக்கிட்டு, முழுப் படிவமாக ரெடிஸில் ஒரு சாவியில் எழுதும். ஏறுவரிசையில் ஒரு பதிப்பு எண்ணும் அதில் இருக்கும். எழுதிய கையோடு அதே படிவத்தைக் குழுமங்களுக்கு அனுப்பும். புதிதாக இணையும் திரை ரெடிஸில் இருப்பதை வாங்கிக்கொள்ளும், தரவுத்தளத்தைத் தொடாது. தன்னிடம் இருப்பதைவிடப் பழைய பதிப்பு வந்தால் திரை அதைத் தள்ளிவிடும். ஒரு செய்தி தொலைந்தால் அடுத்த செய்தி சரிசெய்துவிடும். புதிய வெளியீட்டின்போது பழைய செயல்முறையும் புதியதும் சில கணங்கள் சேர்ந்து ஓடினாலும் கேடில்லை, இரண்டும் ஒரே உண்மையைத்தான் எண்ணுகின்றன.

எப்போது கணக்கிடுவது என்பதில் ஒரு சுற்று நடந்தது. தரவு மாறியதும் தானாக ஓடும் டிரிக்கர் ஒன்றைத் தரவுத்தளத்தில் வைத்து, போஸ்ட்கிரெஸின் லிசன், நோட்டிஃபை என்ற அறிவிப்பு வசதி வழியாக மாற்றத்தைக் கேட்பது முதல் திட்டம். அதில் கவர்ச்சி உண்டு. அறிவிப்பு கமிட் ஆன பிறகே போகும். ஒரே பரிவர்த்தனைக்குள் எழும் ஒரே மாதிரி அறிவிப்புகள் ஒன்றாகச் சுருங்கும். மொத்த இறக்குமதியும் நேரடி எஸ்க்யூஎல்லும் தப்ப முடியாது. ஆனால் கேட்கும் இணைப்பு அறுந்த நேரத்தில் வந்த அறிவிப்பு போனது போனதுதான். ஆகவே அறிவிப்பு வராவிட்டாலும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை எண்ணிவிடுவது என்று பாதுகாப்புக்குச் சேர்த்தார்கள். நிரலைப் பரிசீலித்தவர் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதினார்: “இரண்டு விநாடிக்கு ஒருமுறை எப்படியும் எண்ணத்தான் போகிறோம் என்றால் இந்த டிரிக்கர் எதற்கு?”

டிரிக்கர் நீக்கப்பட்டது. சர்வருக்குள் நடப்பது இப்போது போலிங்தான், எந்தப் போலிங்கை ஒதுக்கினார்களோ அதுவே. வித்தியாசம், எத்தனை திரை இருந்தாலும் எண்ணுவது ஒருவர் மட்டும். முடிவடையாத ஆர்டர்களுக்கு மட்டும் ஒரு பகுதி இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட்டதும் அந்த வினவல் கவலைக்குரியதாக இல்லாமல் போனது.

இரண்டாவது முடிவு, எண்ணின் வயதைத் திரையிலேயே காட்டுவது. எண்கள் மாறாவிட்டாலும் செயல்முறை படிவத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசிப் படிவம் வந்து 15 விநாடி தாண்டினால் திரையின் ஓரம் சாம்பல் நிறமாகும், பிரவுசர் இணைப்பைத் தானே மூடிவிட்டு மீண்டும் முயலும். ஒரு நிமிடம் தாண்டினால் எண்ணையே மறைத்துவிடலாம் என்றது குழு. மேற்பார்வையாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “நம்பரே போயிடுச்சுன்னா எதை வச்சுங்க ஆளை மாத்துறது? பழசாவது இருக்கட்டும், எத்தனை நேரத்துப் பழசுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார் ஒருவர். அவர் சொன்னபடியே ஆயிற்று. எண்ணின் குறுக்கே கோடு, மேலே எத்தனை நிமிடப் பழையது என்று பெரிய எழுத்தில். கூடத்தில் நிற்பவருக்குப் பழைய எண்ணும் ஒரு தகவல்தான் என்பது நிரல் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

வயதைக் கணக்கிடுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சுவர்த் திரைகளின் கணினிகளில் சில, நேரம் தவறி ஓடின. உள்ளூர் நேரத்திலிருந்து சர்வர் போட்ட நேரமுத்திரையைக் கழித்தால் வயது எதிர்மறையாக வந்தது. ஆகவே படிவம் அனுப்பும்போது அது எத்தனை மில்லிவிநாடி பழையது என்பதை சர்வரே சேர்த்து அனுப்பியது. கையில் கிடைத்த பிறகு கழிந்த நேரத்தைப் பிரவுசர் பெர்ஃபார்மன்ஸ் நவ் என்ற தன் உள் அளவி கொண்டு அளந்தது. சுவர்க் கடிகாரத்தை யார் திருத்தினாலும் அந்த அளவு மாறாது.

மறு இணைப்பு பற்றிச் சுருக்கமாக. பிரவுசரின் வெப்சாக்கெட் தானாக மீண்டும் இணையாது, நாம்தான் எழுத வேண்டும். காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்து, அதில் கொஞ்சம் தற்செயல் வேறுபாட்டையும் கலந்தார்கள். சர்வரை மறுதொடக்கம் செய்யும்போது எல்லாத் திரைகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டாமல் இருக்க அது உதவியது. பின்னணியில் கிடக்கும் டேபுகளின் டைமர்களைப் பிரவுசர்கள் மெதுவாக்கிவிடும். குரோம் 88 பதிப்பிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைகூடக் குறைக்கும். ஆகவே டேப் கண்ணுக்கு வந்த கணத்தில் வயதை உடனே சரிபார்க்கும்படி செய்தார்கள்.

பின்னர் நடந்தது

ஒப்பீட்டுப் பதிவு அப்படியே ஓடவிடப்பட்டது. இரண்டு விநாடி இடைவெளிக்குள் அடங்கும் சிறு வேறுபாடுகளைத் தவிர வேறெதுவும் அதில் வரவில்லை. ஸ்கேன் செய்த கணத்தில் எண் துள்ளும் அழகு போய்விட்டது. கூடத்தில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சில வாரங்களில் ஒரு காலை, எல்லாத் திரைகளும் ஒன்றாகச் சாம்பல் நிறமாகின. கூடத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது. இரவில் தரவுத்தளம் பராமரிப்புக்காக மறுதொடக்கமானது. திரைகளை அணைத்து வைத்திருந்த நேரம் அது. எண்ணும் செயல்முறை செத்த இணைப்பையே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் பிழை எழுதியபடி நின்றது. ஜாங்கோ ஒவ்வொரு வலை வேண்டுகோளின் தொடக்கத்திலும் முடிவிலும் கெட்ட இணைப்புகளைத் தானே களையும். வேண்டுகோளே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு மேலாண்மைக் கட்டளைக்கு அந்த வசதி இல்லை. சுற்றின் தொடக்கத்தில் குளோஸ் ஓல்ட் கனெக்ஷன்ஸ் என்ற செயற்கூற்றை அழைக்கும் ஒரு வரியோடு இது முடிந்தது. தொடர்ந்து பிழை வந்தால் செயல்முறை தானே வெளியேற வேண்டும், லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி அதை மீண்டும் எழுப்ப வேண்டும் என்பதும் சேர்க்கப்பட்டது. முந்தைய வடிவத்தில் இதே கோளாறு மாலைவரை தெரியாமல் கிடந்திருக்கும்.

இன்னொன்று பாதுகாப்புப் பரிசீலனையில் வெளிப்பட்டது. சேனல்ஸ் பயனரின் அடையாளத்தை இணையும்போது ஒருமுறைதான் பார்க்கிறது. கணக்கு முடக்கப்பட்டவர் டேபை மூடாதவரை எண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இணைப்புக்கு ஒரு ஆயுள் வரம்பு வைத்து, அது முடிந்ததும் சர்வரே மூடும்படி செய்தார்கள். மறு இணைப்பில் அடையாளம் மீண்டும் சரிபார்க்கப்படும். மறு இணைப்பு மலிவாக இருந்ததால்தான் இவ்வளவு எளிய தீர்வு சாத்தியமானது.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

இந்தத் தேவைக்கு வெப்சாக்கெட் தேவைப்படவில்லை என்பது என் கணிப்பு. திரையிலிருந்து சர்வருக்குப் போவது ஒப்பீட்டு எண் மட்டுமே, அதுவும் சாதாரண வேண்டுகோளாகவே போகிறது. 2023 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 4.2 முதல் ஸ்ட்ரீமிங் பதில்களில் (தரவைத் துண்டு துண்டாக அனுப்பும் பதில்கள்) ஒத்திசைவற்ற இட்டரேட்டர்களைத் தர முடிகிறது. சேனல்ஸ் இல்லாமலேயே சர்வர் சென்ட் ஈவென்ட்ஸை எழுதிவிடலாம். அந்தச் செய்திகளை வாங்கும் பிரவுசரின் ஈவென்ட் சோர்ஸ் தானாக மீண்டும் இணையும். ஆறு இணைப்பு வரம்பை டேபுகளுக்கு இடையே ஒரே இணைப்பைப் பகிர்ந்தோ, எச்டிடிபி 2ஐக் கேட்டு வாங்கியோ கடக்கலாம். என்ஜின்எக்ஸின் இடையகச் சேமிப்பை அந்தப் பாதைக்கு நிறுத்த மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் செய்திகள் கொத்துக் கொத்தாகத்தான் வரும். ஆனால் வழி மாறினாலும் உறைந்த திரையின் சிக்கல் மாறாது. ஃபயர்வால் மறந்த இணைப்பை ஈவென்ட் சோர்ஸாலும் கண்டுபிடிக்க முடியாது. வயதைக் காட்டும் பகுதி எதைத் தேர்ந்தெடுத்தாலும் தேவை.

சோதனை முறையும் மாற வேண்டும். சோதனைக் காட்சியில் ஒருவர் ஒரு பெட்டியை ஸ்கேன் செய்தார், அவ்வளவுதான். மொத்த இறக்குமதியை ஓடவிட்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் முதல் வாரத்துக் குழப்பங்கள் அறையிலேயே தெரிந்திருக்கும். பிணையத்தை வெட்டிப் பார்க்கும் சோதனையில் கணினியின் கேபிளை மட்டும் பிடுங்கினால் போதாது. கேபிள் பிடுங்கப்பட்டது இயங்குதளத்துக்குத் தெரியும், பிரவுசருக்கும் தெரிய வாய்ப்புண்டு. இடையில் இருக்கும் கருவியில் பொட்டலங்களைக் கீழே போடும் விதி ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். குழு இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதைச் செய்கிறது.

நிர்வாகம் அடுத்ததாக ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் அவரவர் வடிகட்டியோடு தனி டாஷ்போர்டு கேட்டிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே படிவம் என்ற அடிப்படை அங்கே பொருந்தாது. வரிசைவாரியான எண்களை முழுவதும் அனுப்பிவிட்டு வடிகட்டுவதைப் பிரவுசரிடம் விடலாமா, அல்லது வடிகட்டிகளின் எண்ணிக்கையையே சிலவாகக் கட்டுப்படுத்தலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இந்த முறை கேட்ட முதல் கேள்வி, அந்தத் தனி எண்கள் எத்தனை விநாடி பழையதாக இருக்கலாம் என்பது. அரை நிமிடம் என்று பதில் வந்திருக்கிறது.